படையல் உள்ளே, படைத்தவர் வெளியே

ஆடி பிறந்தால் பக்தி இதழ்களில் ஒரு பட்டியல் வரும். எந்தச் சாமிக்கு எதைப் படைத்தால் என்ன பலன் என்கிற பட்டியல். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்தால் காரியத் தடை விலகும். அனுமாருக்கு வடைமாலை சாத்தினால் தோஷம் ஓடும். சனிக்கு எள்ளுச் சோறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, அம்மனுக்குக் கூழ். பட்டியல் முடிகிற இடத்தில், ஆண்டவன் பொருளைப் பார்ப்பதில்லை மனசைத்தான் பார்க்கிறான் என்று ஒரு சமாதானமும் இருக்கும். பொருளையே பார்க்காதவனுக்கு எதற்கு இவ்வளவு நீளமான மளிகைச் சீட்டு என்று கேட்டால் நாத்திகன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்க வரவில்லை. படையலுக்குப் பலன் உண்டா என்றால் உண்டு என்றே சொல்வேன். கண்ணால் பார்த்திருக்கிறேன். யாருக்கு உண்டு என்பதில்தான் எனக்கு வழக்கு.

சாஸ்திரம் சொல்கிற விளக்கத்தை முதலில் கேட்டுவிடுவோம். எதிராளி பேச்சை ஒழுங்காகக் கேட்காமல் ஏசுகிற வேலை நமக்கு வேண்டாம். நிவேதனம் என்றால் தெரிவித்தல், ஒப்படைத்தல். சமைத்ததைச் சாமிமுன் வைத்து, நீர் சுற்றி, திரை போட்டு, மணியடித்து ஒப்படைக்கிறார்கள். சாமி அதன் நுண்மையை ஏற்றுக்கொள்கிறது, சோறு அப்படியே திரும்பி வருகிறது. போகும்போது சோறு, வரும்போது பிரசாதம். கொடுத்தவனிடம் இருந்த 'என்னுடையது' என்ற எண்ணம் அதோடு கழிந்துபோகிறதாம். யாகத்தின் மிச்சத்தை உண்பவனுக்குப் பாவம் தீரும், தனக்கென்று மட்டும் சமைப்பவன் பாவத்தையே தின்கிறான் என்கிறது கீதை. இலையோ பூவோ பழமோ தண்ணீரோ அன்போடு தந்தால் போதும் என்றும் அதே கீதை சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தனக்கென்று மட்டும் பொங்கித் தின்னாதே என்பதில் நமக்கென்ன சண்டை? சேரியில் ஒரு வீட்டில் கறி எடுத்தால் பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஒரு கிண்ணம் போகாமல் இருந்ததில்லை. அதற்குக் கீதை தேவைப்பட்டதும் இல்லை.

ஆனால் ஒன்று. 'என்னுடையது' என்பதைக் கழிக்க வேண்டுமானால் முதலில் என்னுடையது என்று ஏதாவது இருந்தாக வேண்டும். நிலம் ஆண்டையுடையது, ஏர் ஆண்டையுடையது, விதைநெல்லும் ஆண்டையுடையது. உழைப்பு ஒன்றுதான் எங்களுடையது. அந்த உழைப்பு நெல்லாகிக் களத்துமேட்டுக்கு வந்தவுடன் அதுவும் ஆண்டையுடையதாகிவிடும். அவர் அதில் நாலு மரக்கால் அளந்து கோயிலுக்கு அனுப்புவார். 'உபயம்' என்று போட்டு அவர் பெயரைப் பலகையில் எழுதுவார்கள். ஆணவம் கழிந்த புண்ணியம் அவர் கணக்கில் ஏறும். நட்டவள், களை பறித்தவள், அறுத்தவள், தூற்றியவள் எந்தப் பலகையிலும் இல்லை. படையல் என்பது கொடுப்பது என்று சொல்கிறார்கள். யாரிடமிருந்து எடுத்ததைக் கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். நெல்லுக்குத் தீட்டு கிடையாது. எங்கள் பெண்கள் சேற்றில் இறங்கி நட்டாலும் அறுத்தாலும், கட்டுக்கட்டித் தலையில் சுமந்து வந்து களத்தில் போட்டாலும் நெல் சுத்தமாகவே இருக்கும். அரிசியாக இருக்கிறவரை எந்தக் கை பட்டாலும் குற்றமில்லை. அதே அரிசியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டால் போச்சு. கை யாருடையது என்ற விசாரணை ஆரம்பமாகிவிடும். எங்கள் உழைப்பு தேவைப்படுகிற எல்லைவரை தீட்டு கிடையாது. உழைப்பு முடிந்து உண்ணல் தொடங்குகிற இடத்தில் தீட்டு முளைக்கிறது. இதைவிட வசதியான தத்துவத்தை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. இது பழங்கதை என்று நினைப்பவர்கள், திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்தில் 2018-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஓர் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் திரண்டு வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்து அடுப்பையும் இவர்கள் மடப்பள்ளியாகத்தான் நினைக்கிறார்கள்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் சாமிக்குப் படைக்கிற ஒவ்வொன்றுக்கும் அமுது என்று பெயர். சோறு திருவமுது, காய் கறியமுது, நெய் நெய்யமுது, வெற்றிலை பாக்குகூட இலையமுது, அடைக்காயமுது. நாழி, உரி, உழக்கு என்று துல்லியமாக அளந்து கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்து வரலாற்றுப் பேராசிரியர்கள் அந்த அளவைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். 1010-இல் குடமுழுக்கான தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களைப் பேர் பேராகச் சொல்லி, ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்க முடியாத நிலம் எது எது என்று கழித்துக் காட்டுகிறது அது. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு. இவற்றோடு சேர்த்துப் பறைச்சேரி, தீண்டாச்சேரி. அமுதை அளந்த அதே உளிதான் தீண்டாச்சேரி என்கிற சொல்லையும் வெட்டியிருக்கிறது. சாமிக்கு எத்தனை நாழி என்று எழுதிய மன்னன், அந்த நாழி நெல்லை விளைவித்தவன் இருக்கும் இடத்தைச் சுடுகாட்டோடு ஒரே பட்டியலில் போட்டான். பக்திப் பட்டியல்களுக்கு வயசு ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு நூற்றாண்டுக்குள் சேக்கிழார் நந்தன் கதையை எழுதுகிறார். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தீயில் இறங்கியதையும் நந்தி விலகியதையும் நாம் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறோம். அதற்கு முந்திய பகுதியை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. ஆதனூர்ச் சேரியில் இருந்த நந்தன் கோயில்களுக்குப் படைத்தது என்ன? பேரிகைக்குப் போர்வைத் தோல், இழுத்துக் கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. அத்தனையும் செத்த மாட்டிலிருந்து வருவது. செத்த மாட்டைத் தொட்டதால்தான் அவன் தீண்டத்தகாதவன் என்கிறார்கள். அந்த மாட்டின் தோல் கோயிலுக்குள் முழங்கியது, நரம்பு உள்ளே பண் பாடியது, மாட்டுப் பித்தக்கல்லான கோரோசனை சாமிக்கே போனது. நந்தன் மட்டும் மதிலுக்கு வெளியே. அவன் கொடுத்ததை எரித்துச் சுத்தப்படுத்தவில்லை, அவனைத்தான் எரித்தார்கள். கற்பூரம் ஆராய்ச்சியில் இறங்கிச் சைவ சித்தாந்த உட்பொருள் சொல்கிறவர்கள் எனக்கு இந்த ஒரு இடத்துக்கு உட்பொருள் சொல்லட்டும். பொருள் உள்ளே போகும், ஆள் வெளியே நிற்பான். நைவேத்தியத்தின் இலக்கணமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் பழைய தென்னார்க்காட்டுப் பக்கம். ஆடி மூணாம் வெள்ளி ஊர்த்தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவார்கள். சேரிக்கும் உண்டு. ஆனால் ஊர் ஜனங்களெல்லாம் வாங்கி முடித்தபிறகு. கோயிலைத் தாண்டி வேப்பமரத்துக்குக் கிழக்கே நாங்கள் நிற்க வேண்டும். ஆயாவோடு நான் போயிருக்கிறேன், ஆறேழு வயசிருக்கும். ஆயா குண்டானைத் தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்து நிற்கும். ஊத்துகிறவர் மொண்டுகொண்டு வந்து, ஏந்தனத்துக்கு ஏந்தனம் பட்டுவிடக் கூடாதென்று இடுப்பு உயரத்திலிருந்து ஊத்துவார். பாதி குண்டானுக்குள், பாதி மண்ணில். திரும்பி வரும்போது நான் "பாதி கீய ஊத்திட்டாங்க ஆயா" என்றேன். "ஆத்தா பிரசாதம்டா, கீய வுழுந்துச்சின்னு சொல்லக் கூடாது" என்றது ஆயா. அந்தப் பதிலில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, ஆயாமேல் இல்லை. மண்ணில் விழுந்ததைக்கூடப் பிரசாதம் என்று நம்ப வைத்திருக்கிறார்களே, அந்த நம்பிக்கைதான் கூழ் ஊத்தியதில் அவர்களுக்குக் கிடைத்த பலன்.

கெடா வெட்டுகிற நாளில் கணக்கு இன்னும் சுத்தம். தலை பூசாரிக்கு. முன்னங்கால் ஒன்று நாட்டாமைக்கு, ஒன்று கோயிலுக்கு இடம் கொடுத்த குடும்பத்துக்கு. கழுத்துக் கறி வண்ணாருக்கு. விடிய விடிய மேளம் அடித்தவர்களுக்கு, அதாவது எங்களுக்கு, குடலும் தோலும். கூலி இல்லையா என்று கேட்டால், அதான் சாமி பங்கு குடுக்கறோமே என்பார்கள். இதற்குச் சுதந்திரம் என்று பெயர்! களத்தில் நெல் அள்ளிப் போடுவதும் சுதந்திரம், கோயிலில் குடல் அள்ளிப் போடுவதும் சுதந்திரம். 1947 ஆகஸ்டில் வந்தது வேறு ஏதோ.

படையலில் யாருக்கு எந்தத் துண்டு, யார் முதலில், யார் கடைசியில் என்பது வெறும் கறிக்கணக்கு இல்லை. அது ஊரின் நில வரைபடம். பத்திரத்தில் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவனுக்குத் தொடை. பத்திரமே இல்லாதவனுக்குக் குடல். ஆண்டுக்கொரு முறை சாமி முன்னிலையில், எல்லோரும் பார்க்க, அந்த வரைபடத்தை விரித்துச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். முதல் மரியாதைக்காக வெட்டும் குத்தும் நடப்பது ஏன் என்று புரியாமல் திருநீறைக் குறை சொல்கிறார்கள் சிலர். ஒரு சிட்டிகை திருநீறுக்காக யாரும் கொலை செய்வதில்லை தோழர்களே. அந்தச் சிட்டிகைக்குப் பின்னால் நூறு காணி நிலம் இருக்கிறது.

எங்கள் சித்தப்பா இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டு நடந்த சூட்டில் காலனி முனையில் படம் வைத்து மாலை போட்டார்கள். அந்த வருசம் திருவிழாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்று சித்தப்பாவும் இன்னும் ஆறு பேரும் சொல்லிவிட்டார்கள். அப்போது பல மாவட்டங்களில் பறையடிக்க மறுக்கிற போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. ஊரிலிருந்து ஆள் வந்தது. முதலில் நயமாக, "சாமி காரியம்டா, நமக்கா செய்ற?" என்றார்கள். சித்தப்பா, "சாமி காரியம்னா ஒங்க பையனுவ அடிக்கட்டும், தோலு நாங்க தர்றோம்" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வயல் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, டீக்கடையில் கிளாசே கிடையாது. ரெண்டு மாசம். பால் வாங்க நாலு கிலோமீட்டர் நடந்தோம். மேளத்தை வெளியூரிலிருந்து காசு கொடுத்து வரவழைத்தார்கள். காசு கொடுக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. அதுவரை குடலில் கழிந்துகொண்டிருந்த கூலி அது.

பிரசாதத்தைப் பற்றிப் பேசும்போது எச்சிலைப் பற்றிப் பேசாமல் முடியாது. சாமி உண்ட மிச்சம் உசந்தது என்று ஒப்புக்கொண்டால், சாமிக்குப் பக்கத்தில் இருக்கிறவன் உண்ட மிச்சமும் உசந்ததாகிவிடும். கர்நாடகத்தில் குக்கே சுப்ரமண்யா கோயிலில் பார்ப்பனர்கள் சாப்பிட்ட எச்சில் இலைகள்மேல் மற்ற சாதிக்காரர்கள் உருண்டார்கள், தோல் நோய் தீருமென்று. மடே ஸ்நானம் என்று பெயர். 2014-இல் உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நம்மூரிலும் உண்டு. கரூர் மாவட்டம் நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரர் சமாதியில் அன்னதானம் முடிந்ததும் எச்சில் இலைகள்மேல் உருளுவது. 2015-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடுத்தது. 2024 மே மாதம் தனி நீதிபதி ஒருவர், இது பக்தர்களின் உரிமை என்று அனுமதி தந்தார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. அனுமதிக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம் ஒன்று உண்டு: எல்லாச் சாதியும்தான் சாப்பிடுகிறது, எல்லாச் சாதியும்தான் உருளுகிறது, இதில் எங்கே சாதி? சரி, ஒப்புக்கொள்கிறேன். இன்னொருத்தன் எச்சிலில் உருண்டால் புண்ணியம் என்கிற எண்ணம் எந்தச் சமூகத்தில் பிறக்கும் என்பதை மட்டும் சொல்லட்டும். எச்சில் என்றால் என்ன, யாருடைய எச்சில் யாருக்கு மருந்து என்பதெல்லாம் சாதி இல்லாத ஊரில் தோன்றுகிற சிந்தனைகள் இல்லை. திருப்பதி லட்டு நெய்யில் என்ன கலந்தது என்று 2024-இல் நாடே துடித்ததே, அந்தத் துடிப்பில் நூற்றில் ஒரு பங்கு மனிதன் எச்சிலில் புரளுவதற்குக் கிடைத்திருந்தால் வழக்கு இத்தனை வருசம் இழுத்திருக்காது.

இந்த இடத்தில் நம் தரப்புத் தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். அதெல்லாம் பெருந்தெய்வ வழிபாடு, பார்ப்பனியம். நம்முடைய படையல் வேறு, கள்ளும் கருவாடும் படைக்கிற எதிர்ப்பண்பாடு என்பார்கள். தொண்ணூறுகளில் இந்தப் பேச்சு நம் பத்திரிகைகளில் நிறைய நடந்தது. நானும் பேசியிருக்கிறேன். பாதி உண்மைதான். செத்தவர்களுக்கு நாங்கள் வைக்கும் படையலில் இடையில் யாரும் கிடையாது. மந்திரம் இல்லை, திரை இல்லை. செத்தவருக்கு என்ன பிடிக்குமோ அது. பீடி பிடித்தவருக்குப் பீடி, சாராயம் குடித்தவருக்குச் சாராயம். கும்பிட்டு முடித்து எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தின்றுவிட வேண்டும். முதல் மரியாதை கேட்டு யாரும் வெட்டிக்கொள்வதில்லை.

மீதிப் பாதியையும் சொல்லியாக வேண்டும். காத்தவராயன் யார்? ஆரியமாலை என்கிற பார்ப்பனப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டவன். மதுரை வீரன் யார்? சக்கிலியர் வீட்டில் வளர்ந்து பொம்மியைத் தூக்கிக்கொண்டு போனவன், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கொன்ற சாதிகளே பயத்தில் இவர்களுக்குப் பொங்கல் வைத்து, கெடா வெட்டி, சுருட்டும் சாராயமும் படைக்கின்றன. உயிரோடிருந்தபோது ஒரு வாய்த் தண்ணிக்கு வழியில்லை, செத்தபிறகு வருசாவருசம் விருந்து. இந்தப் படையலுக்கு ஒரு பலன் இருக்கிறது: கொன்றவனுக்குத் தூக்கம் வருகிறது. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைத் தண்டவாளத்திலும் நடுரோட்டிலும் சாய்க்கிற இந்தக் காலத்திலும் அதே வீரன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அதே ஆட்கள் நோட்டீஸ் அடிக்கிறார்கள். இதைப் போய் எதிர்ப்பண்பாடு என்று சும்மா சொல்லிவிட முடியுமா? பெண்கள் விஷயம் இன்னும் மோசம். மூணு நாள் அடுப்படியில் வெந்து சமைப்பது அவர்கள், இலை போட்டுக் கற்பூரம் காட்டுவது நாம். வீட்டு விலக்கான பெண்ணைத் திண்ணையில் ஒதுக்கிவிட்டுத் தீட்டு ஒழிப்புப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம். நானும்தான்.

2003 ஆகஸ்டில் 1950-ஆம் வருசத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. நமக்கெல்லாம் கொதித்தது, கூட்டம் போட்டோம். சைவச் சாப்பாட்டை எங்கள் சாமி வாயில் திணிக்காதே என்றோம். சரியான கோபம்தான். 2004-இல் அந்தச் சட்டமே ரத்தானது. வெற்றி என்று கொண்டாடினோம். கெடா திரும்பி வந்தது, கூடவே குடல் பங்கும் மேளமும் திரும்பி வந்தன. அந்தக் கூட்டங்களில் ஆட்டைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஆட்டைப் பங்கு போடுவது பற்றி நாம் பேசவில்லை. இதை நம்மேல் உள்ள குறையாகவே எழுதுகிறேன்.

அப்படியானால் கோயில் நுழைவு எதற்கு, படையலில் பங்கு எதற்கு, விட்டுத்தொலைக்கலாமே என்று பெரியாரியத் தோழர்கள் கேட்பார்கள். அம்பேத்கர் 1930 மார்ச்சில் நாசிக்கில் காலாராம் கோயில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். வருசக்கணக்கில் நடந்தது. கதவு திறக்கவில்லை. சிலையை வணங்குகிறவர்களாக நம் மக்களை ஆக்கவேண்டும் என்பதற்காகத் தான் அதைத் தொடங்கவில்லை, அவர்களைத் தட்டியெழுப்ப அதுதான் சரியான வழி என்று நினைத்துத் தொடங்கியதாக 1934-இல் அவரே எழுதினார். 1956 அக்டோபரில் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு அவர் எடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் ஒன்று, திவசம் செய்ய மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன் என்பது. வாசலில் நின்று உரிமை கேட்டவரும் அவர்தான், பிண்டத்தை வேண்டாமென்று தள்ளியவரும் அவர்தான். இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாமியின் பலன் எனக்கு வேண்டாம். ஆனால் என்னை வெளியே நிறுத்துவதால் உனக்குக் கிடைக்கிற பலன் ஒன்று இருக்கிறது பார், அதை நான் விடமாட்டேன்.

அந்தப் பலன் எவ்வளவு பெரியது என்பதற்கு விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி சாட்சி. 2023 ஏப்ரல் திருவிழாவில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்படி கோயில் திறந்தது. எதற்கு? பூசாரி மட்டும் போய்ப் பூசை செய்துவிட்டு வருவதற்கு. பொதுமக்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. அதுவரை ஒன்பது மாசம் விளக்கில்லை, பூசையில்லை. தலித் உள்ளே வருவதைவிடச் சாமி பட்டினி கிடப்பது மேல் என்று ஊர் முடிவெடுத்திருந்தது. படையல் சாமிக்காகத்தான் என்று இனியும் சொல்கிறவர்கள் அந்த ஒன்பது மாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு நம் மக்கள் உள்ளே போனார்கள்.

எங்கள் ஊரிலும் பிறகு சமாதானக் கூட்டம் நடந்தது, அதிகாரி அலுவலகத்தில். ரெண்டு தரப்பையும் உட்காரவைத்து ஒரு பேப்பர் நீட்டினார்கள். காலனி சார்பில் ஒரு தட்டு வரிசை வரலாம், தேங்காய் பழம் பூ வெற்றிலை எல்லாம் வைத்து. கோயில் முகப்பில் பூசாரி வாங்கிக்கொள்வார், தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப்போய்ப் படைத்துப் பிரசாதத்தோடு திருப்பித் தருவார். காலனிப் பேரும் மைக்கில் சொல்லப்படும். எங்கள் பெரியவர்கள் ரெண்டு பேருக்கு இது பெரிய மரியாதையாகவே பட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது ஒருத்தருக்கு. கூழ் மண்ணில் விழுந்த காலத்தைப் பார்த்தவர் அவர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருத்தன்தான் எழுந்து, "சார், தட்டு உள்ள போவுது. நாங்க ஏன் சார் போவக் கூடாது?" என்றான்.

அதிகாரி பேப்பரைத் திரும்பப் படித்தார், பதில் அதில் இல்லை. "மொதல்ல தட்டு போவட்டும்பா, அப்பறம் ஒண்ணொண்ணா பாத்துக்கலாம்" என்றார் ஊர்த்தரப்பு. ஒண்ணொண்ணாகப் பார்த்துக்கொண்டுதான் ஆதனூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறோம். பையன் கையெழுத்துப் போடவில்லை. அவன் போடாததால் மற்றவர்களும் போடவில்லை. அந்த வருசம் திருவிழா நின்றது. நம்மாலதான் மழையில்லை என்று ரெண்டு மாசம் பேசினார்கள், அப்புறம் மழை பெய்தது, பேச்சை விட்டுவிட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஆயா செத்த நாளுக்கு வருசாவருசம் வீட்டில் படையல் உண்டு. இருபத்திரண்டு உறுதிமொழியும் எனக்குத் தெரியும், பௌத்தம் பற்றி மேடையில் பேசுகிறவன்தான். இருந்தாலும் அந்த ஒரு நாளை நான் நிறுத்தவில்லை, நிறுத்த வேண்டுமென்று என் பொண்ணு வாதாடுகிறாள். போன வருசம் கருவாட்டுக் கொழம்பு, கேவுருக் களி, ஆயா வாயிலிருந்து எடுக்காத வெத்தலை, ஒரு சொம்பு கூழ். கூழை நானே ஊத்தினேன், குண்டானை ஒட்டிவைத்து, ஒரு சொட்டு கீழே போகாமல். காக்கா வரட்டும் என்று அம்மா காத்திருக்கச் சொன்னது. புள்ளைகளுக்குப் பசி. காக்கா வருவதற்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம்.